பொருள் எண் ஏழு

புதுவயல் பேரூராட்சிக் கூடம், காலை பதினொன்று.
சொத்துவரிச் சீராய்வு குறித்துக் கருத்துக் கேட்பு.
குறிப்பு எழுதுவது நான்.
‘உயர்வு’ என்று எழுத வேண்டாம்,
‘சீராய்வு’ என்றே இருக்கட்டும் என்று
செயல் அலுவலர் முன்பே சொல்லிவிட்டார்.
எழுதினேன்.
ஆலையிலிருந்து பறந்துவந்த உமிச்சாம்பல்
அந்தச் சொல்லின்மேல் உட்கார்ந்தது.
ஊதினேன், போகவில்லை.

வரியை ஏற்றாவிட்டால் மானியம் வராது,
மானியம் வராவிட்டால் குழாய் வராது,
குழாய் வராவிட்டால் என்று
அவர் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே
“மேல பட்ஜெட்டுல வெட்டுறது
கீழ எங்க கதவுல வந்து ஒட்டுது” என்றது ஒரு குரல்.
யாரென்று நிமிர்ந்தேன்.
ஐந்து பேர் ஒரே முகத்தோடு இருந்தார்கள்.

அரிசி ஆலை சேவுகன் எழுந்தார்.
“நெல்லு ஈரமா வந்தா
மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிக்கிறோம்.
எங்க ரோடு வருஷம் பூரா ஈரம்.
நீங்க எத்தனை கழிப்பீங்க?”
கைதட்டல்.
‘ஆட்சேபம் தெரிவித்தார்’ என்று எழுதினேன்.

ஊர்க் கோயிலுக்குப் புள்ளிவரியை
முதல் ஆளாகக் கட்டுகிற பெரி. வைரவன்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
“எங்க வீட்டுக்கு நாப்பத்திரெண்டு பங்கு.
ஏழு பேர் பினாங்கு, ஒருத்தர் எங்கேன்னே தெரியலை.
நோட்டீஸை யார் கையில குடுப்பீங்க?
அப்புறம் நடுவுல வளவு.
மேல கூரை கிடையாது, அதையும் அளந்திருக்கீங்க.
ஆகாசத்துக்கும் சதுர அடியா?”
சிரிப்பு அடங்கும்வரை
செயல் அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.
அடங்கிய பிறகும் புரட்டினார்.
‘தெளிவுரை கோரப்படும்.’

கடைசி பெஞ்சில் ஜெபமாலை.
எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னாள்.
“வரி ஏறினா வாடகை ஏறும்.
உங்க ரிஜிஸ்தர்ல எம் பேரு எங்கயும் இல்லை.
ஆனா கட்டப்போறது நான்தான்.”
‘வரி செலுத்தாத ஒருவர்’ என்று எழுதி,
அடித்து,
பெயரை மட்டும் எழுதினேன்.

பொன்னழகி பேசும்போது மணி ஒன்றாகிவிட்டது.
“எங்க வீட்டுக்காரர் தெனம் கட்டுறார்.
சாயங்காலம் ஆறு மணிக்கு,
கம்பிக்கதவுக்குள்ள கையை நீட்டி.
அரசாங்கக் கடைதானே?
அந்தச் சீட்டையெல்லாம் சேத்துக் கொண்டாந்தா
வீட்டுவரியில கழிப்பீங்களா?”
“உங்களுக்குத்தான் பஸ் ஓசியா விட்டிருக்கேம்மா”
என்றார் நாலாவது வார்டு.
“ஓசின்னு சொல்லாதீங்க.
அந்த டிக்கெட்டுக்கு அவரு
நேத்தே குடிச்சுட்டாரு.”
இதற்கு யாரும் கைதட்டவில்லை.
மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியாமல்
நான் பேனாவை மூடினேன்.

பொருள் எண் ஏழு,
ஒருமனதாக ஏற்கப்பட்டது.
‘ஒருமனதாக’ படிவத்தில் அச்சிட்டே வருகிறது.

நாலு மாதம் கழித்து மாவட்டத்திலிருந்து பதில்.
வளவின் பரப்பளவைத் தெரிவிக்கவும்.
டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.
காவல்காரர் சாத்தையா மறுமுனையைப் பிடித்தார்.
அளக்க ஆரம்பித்ததும் மழை.
எத்தனை பங்குக்கு எத்தனை துளி என்று
பார்க்காமல் பெய்தது.
முப்பத்தொன்று, இருபத்துநாலு.
தூணோரம் ஒதுங்கி, தாள் நனையாமல் குறித்தேன்.
நாலு சுவரின் நடுவே
எழுநூற்று நாற்பத்துநாலு சதுர அடி மழை.

திரும்பும்போது ஆறாகியிருந்தது.
பேருந்து நிற்கவில்லை. நடந்தேன்.
கம்பிக்கதவுக்கு முன்னால்
குடை இல்லாமல் நீண்ட கைகளை
கணக்கெழுதுகிற பழக்கத்தில் எண்ணினேன்.
பதினாறு, பதினேழு.
பதினெட்டாவது கையில்
நான் தவணையில் வாங்கிக் கொடுத்த
கடிகாரம்.